அதிகாரிகள் முன்னால் நான் பறந்தது

என் வீட்டுக்காரர் செத்த நொடியில் ஊரே கை தட்டியது.

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பறக்கும் சங்கத்தின் ஆண்டு விழா. மைதானம் முழுக்க ஜனம். அவருடைய சின்ன மஞ்சள் விமானம் மேலே ஏறியது, மல்லாக்கப் புரண்டது, தலைகீழாகக் குடைந்து இறங்கியது, அப்படியே ஓடுபாதையின் கோடியில் இருந்த புல்மேட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. தடால் என்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. என்ன நடந்தாலும் மைக் நிற்கக் கூடாது. நின்றால் கூட்டம் மிரண்டு ஓடும், மிதிபட்டு நாலு பேர் சாவார்கள் என்று எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்தது. எங்கள் மைக் அண்ணனுக்கு விதியே தேவையில்லை, தூக்கத்திலும் அவருக்கு வாய் ஓயாது. அன்றைக்கு அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வாய் மட்டும் அதுபாட்டுக்கு ஓடியது. “அடேங்கப்பா! பாத்தீங்களா! இப்படி ஒரு முடிவ எங்கயாவது பாத்திருக்கீங்களா? ஜோரா ஒரு கைதட்டு!”

ஜனம் தட்டியது. என் மாமியார் எழுந்து நின்று தட்டினார். நானும் தட்டினேன். தட்டச் சொன்னால் தட்டத்தானே செய்வோம்!

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் பாராட்டிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி அயிட்டம் பிரமாதம்க்கா, எங்க வீட்டுப் பசங்க இன்னும் அதையேதான் பேசுதுங்க” என்றாள். சங்கத்தின் செயலாளர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார், கக்கத்தில் ஒரு பெரிய கேடயம். அதில் ‘ஆண்டின் சிறந்த சாகச வீரர்’ என்று பொறித்திருந்தது.

“என்ன இது?” என்றேன்.

“தப்பா நினைக்காதம்மா. நடுவருங்க மார்க்கு போட்டுட்டாங்க. விமானம் மேட்டுக்குப் பின்னால போன உடனே போட்டுட்டாங்க. போட்ட மார்க்க மாத்த விதியில்ல.”

“செத்துப்போனவருக்கு முதல் பரிசா?”

“ரெண்டாவது வந்தவரும் ரொம்ப வருத்தப்பட்டாரும்மா” என்றார் அந்த மகானுபாவர்.

நான் அந்தக் கேடயத்தை அவர் தலையில் போட்டிருப்பேன். அத்தை, அதுதான் என் மாமியார், அதற்குள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

கைதட்டல் அடங்கியதும் நாக்குகள் கிளம்பின. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லையாம். இன்னும் கீழே, இன்னும் கீழே என்று வித்தை காட்டப் போய் மண்ணில் செருகிக்கொண்டாராம். ஒரே வார்த்தையில், திமிர். டீக்கடையில் திமிர், மருந்துக்கடையில் திமிர், என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற பெண் ஒருத்தி கியர் மாற்றத் தெரியாமல் தடுமாறிக்கொண்டே, “உங்க சாருக்குக் கொஞ்சம் திமிர் ஜாஸ்தியாமே மேடம்” என்றாள். வண்டியை ஓரங்கட்டி அவளை நடந்தே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

யாருக்குத் திமிர்? கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து குமிழைத் தொட்டுப் பார்க்கிற மனுஷன் அவர். ஆள் நடமாட்டமே இல்லாத சந்தில் திரும்பினாலும் ஸ்கூட்டரில் சிக்னல் போடுவார். “யாருக்குங்க சிக்னல் போடறீங்க, நாய்க்கா?” என்று கேட்டால், “நாயும் உயிர்தானே” என்பார். ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுகிறவருக்குத் தரையில் அத்தனை பயம். அவரைப் போய்த் திமிர் பிடித்தவர் என்றால் எனக்கு வயிறு எரியாதா? அவர் திமிரால் சாகவில்லை என்று பொறுப்பான ஆள் யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. சோறு தண்ணி இறங்காமல் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

விசாரணை என்று இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பெரியவருக்குத் தீராத ஜலதோஷம், கைக்குட்டையும் கையுமாகவே இருந்தார். சின்னவர் வீடியோ எடுப்பவர். முதலில் விமானத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். இஞ்சின் சரி, இறக்கை சரி, எல்லாம் சரி. அப்புறம் படம் தேடினார்கள். சங்கத்தின் கேமராக்காரர் அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினரின் சட்டையில் ஐஸ்கிரீம் கொட்டியதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாராம். ஜனங்களின் போன்களில் கிடைத்தது விரல், தொப்பி, யார் வீட்டுக் குழந்தையோ மூக்கு நோண்டுவது. விமானம் எங்கேயாவது ஒரு ஓரத்தில் ஈ மாதிரி தெரிந்தது.

“அவர் போட்டிருந்த திட்டம் என்னன்னு தெரிஞ்சாத்தான் எதுல பிசகினார்னு சொல்ல முடியும்” என்றார் பெரிய அதிகாரி, சங்கத்து அறையில் எங்களையெல்லாம் உட்கார வைத்துக்கொண்டு. “எதாவது எழுதி வச்சிருப்பாரா?”

“எங்க சங்கத்துல எழுதற வழக்கமே இல்ல சார்” என்றார் செயலாளர். “நடைதான்.”

நடை என்றால் என்ன என்று நானே சொல்லிவிடுகிறேன். ஆகாயத்தில் செய்யப்போகும் வித்தை முழுவதையும் இந்த ஆட்கள் முதலில் தரையில் நடந்து பார்ப்பார்கள். உள்ளங்கையை விரித்து நீட்டினால் அதுதான் விமானம். கை ஏறினால் விமானம் ஏறுகிறது, கை புரண்டால் விமானம் புரள்கிறது. கால் அது பாட்டுக்கு நடக்கும், வாய் இஞ்சின் மாதிரி உறுமும். உடம்பில் ஊறும்வரை தினமும் நடப்பார்கள். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். ஆண்டு விழாவுக்கான புது நடையை மட்டும் சங்கத்தில் யாருக்கும் காட்டக் கூடாது, போட்டியாளர் திருடிவிடுவாராம். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில்தான் நடப்பார்கள்.

“அப்ப யாருக்குமே தெரியாதா?” என்றார் அதிகாரி.

செயலாளர் மெதுவாக நானும் அத்தையும் இருந்த பக்கம் திரும்பினார். மைக் அண்ணன் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள்.

“நீங்க கொஞ்சம் பறந்து காட்ட முடியுமாம்மா?” என்றார் அதிகாரி என்னிடம்.

“நான் கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவ சார்.”

“பறக்கவெல்லாம் வேண்டாம். அவர் நடந்த மாதிரி நடந்தாப் போதும்.”

“இவளுக்கு என்ன தெரியும்?” என்றார் அத்தை. “நான் நடக்கிறேன். என் புள்ள கை எங்க போகும், எப்படிப் போகும்னு எனக்குத்தான் அத்துப்படி.”

அதுவும் உண்மைதான். மாமனார் போன பிறகு, இந்த வருஷ ஆரம்பத்தில்தான் அத்தை எங்களோடு இருக்க வந்தார். ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு இரும்பு பீரோ, ஒரு வண்டி அபிப்பிராயம், இவ்வளவும் அவரோடு வந்தன. நாற்காலியைச் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு சாயங்காலமெல்லாம் மகனின் நடையைப் பார்ப்பார். மேஜை மறைப்பதால் அவருக்கு இடுப்புக்கு மேலேதான் தெரியும். நான் தரையில் உட்கார்ந்து துணி மடிப்பேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் கால். என் பிழைப்பே கால் பார்ப்பதுதான். கற்றுக்கொள்கிறவர்கள் ரோட்டைப் பார்ப்பார்கள், நான் அவர்கள் கால் பிரேக்குக்குப் போகிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் என்றைக்கோ மரத்தில் மோதிப் போயிருப்பேன்.

ஆக, அத்தைக்குக் கை தெரியும், எனக்குக் கால் தெரியும். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு விமானி தேறுவான் என்று அதிகாரி கணக்குப் போட்டார்.

மறுநாள் காலையில் விமானக் கொட்டகையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். தரையில் சாக்பீஸால் ஓடுபாதை. புல்மேட்டுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். ஜனங்கள் இருந்த பக்கத்துக்கு அடையாளமாகச் செயலாளரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கொட்டகை பெரிது, பேசுவது கேட்காது என்று அதிகாரிக்குப் பேச ஒரு மைக் வைத்தார்கள். அதைப் பிடித்துக்கொள்ள மைக் அண்ணனைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லையாம்!

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டினேன். அத்தை எனக்குப் பக்கத்திலேயே நின்று தன் கையையும் நீட்டினார்.

“கைய நல்லா நீட்டுடி. துணி காயப் போடற மாதிரி தொங்க விடாத.”

“நீட்டித்தான் இருக்கேன் அத்தை.”

“இஞ்சின் சத்தம் குடுக்கணுமா சார்?” என்றேன்.

“குடுத்தா நல்லது” என்றார் அதிகாரி. “வேகம் புரியும்.”

நான் ‘ர்ர்ர்’ என்று ஆரம்பித்தேன். “அவன் ‘ம்ம்ம்’னு இல்ல போவான்!” என்றார் அத்தை. சின்ன அதிகாரி கேமராவை நிறுத்திவிட்டு, எது சரி என்று பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தும்மினார். கடைசியில் நான் ‘ர்’ரும் அத்தை ‘ம்’முமாகக் கிளம்பினோம். பின்னாலேயே இரண்டு அதிகாரிகளும் கால் வைத்த இடத்தில் கால் வைத்து வந்தார்கள்.

முதல் குட்டிக்கரணம் நன்றாக வந்தது. இரண்டாவது திருப்பத்தில், “இதோ! வானத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறார் பாருங்கள் நம் வீர…” என்று மைக் அலறியது.

“அண்ணே, வாய மூடறீங்களா, இல்ல அந்த மைக்க வாய்க்குள்ள திணிக்கட்டுமா?”

“மன்னிச்சிடும்மா. கை நீட்டினதப் பாத்ததும் தானா வந்துடுச்சு.” அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நடக்க நடக்க என் வீட்டுக்காரர் என் உடம்புக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் குதிகால் திரும்புகிற விதம், இடது காலை லேசாக இழுக்கிற விதம், எல்லாம் என் காலுக்குத் தெரிந்திருந்தது. அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டே கை, நினைவில் இருந்தபடி கால். செயலாளர் இருந்த பக்கம் இறக்கையைச் சாய்த்து வணக்கம் வைத்தோம். அவரும் எழுந்து கும்பிட்டார்.

கடைசி வித்தை வந்தது. தரையோடு தரையாகப் பறந்துவந்து, மேலே ஏறி, மல்லாந்து, குடைந்து இறங்கி, நிமிர்வது. நான் ஏறுவதற்கு ஒரு எட்டு வைத்தேன். என் கால் டக்கென்று திரும்பிவிட்டது. கை நெஞ்சு உயரத்தில் இருந்தபடியே புரண்டது. அத்தையின் கையும் அதே உயரத்தில் புரண்டது. இறங்கினோம். உள்ளங்கை நேராகத் தரைக்குப் போனது. நிமிர இடமில்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எதிரே கொட்டகை ‘ஆ’வென்று திறந்து கிடந்தது, இன்னும் எவ்வளவோ தூரம் நடக்கலாம். கால் ஏன் அங்கே திரும்பியது?

பீரோ.

முதலிலெல்லாம் வீட்டில் நடக்கும்போது அவர் அங்கே திரும்ப மாட்டார். கை தலைக்கு மேலே போகும்வரை ஹாலின் கோடிச் சுவர் மட்டும் நீளமாக நடப்பார், அதற்குப் பிறகுதான் புரள்வார். அப்போதுதான் அத்தையின் பீரோ வந்து இறங்கியது. படுக்கையறைக் கதவில் நுழையாமல் அந்தக் கோடியிலேயே நின்றுவிட்டது. முதல் நாளே கால் கட்டைவிரலில் இடித்துக்கொண்டு, “அம்மா!” என்று கத்தினார். “என்னடா?” என்றார் நாற்காலியிலிருந்து அத்தை. “உன்னக் கூப்பிடலம்மா, பீரோவக் கூப்பிட்டேன்” என்றார். சிரித்தோம். அன்றிலிருந்து ஒரு எட்டு வைத்ததும் திரும்பிவிடுவார். நடை சுருங்கியதும் கை ஏறுகிற உயரமும் சுருங்கியது. மாசக்கணக்கில் அப்படியே நடந்தார், அப்படியே ஊறியது.

பயிற்சிக்குப் பறக்கும்போது எங்கேயோ உச்சத்தில் வைத்துத்தான் செய்து பார்ப்பார்கள், அங்கே கொஞ்சம் உயரம் குறைந்தால் யாருக்குத் தெரியும்? விழா நாளில்தான் தரைக்குப் பக்கத்தில். உயரம் காட்டும் முள்ளைப் பார்க்காமலா இருந்திருப்பார் என்று கேட்கலாம். மூச்சு விட நேரமில்லாத இடத்தில் உடம்பு தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும். கிளட்ச் இறுகிப்போன காரில் பழகினவர்கள் எந்தக் காரில் ஏறினாலும் ஓங்கி மிதிப்பார்கள், எத்தனை சொன்னாலும் மிதிப்பார்கள். இதை நான் தினமும் பார்க்கிறேன்.

“ஏம்மா நின்னுட்டீங்க?” என்றார் அதிகாரி. “இவ்ளோ சீக்கிரமாவா திரும்புவார்? உயரமே பத்தாதே. எதாவது காரணம் இருக்கா?”

இருக்கிறது. நாக்கு நுனியில் இருக்கிறது. சொன்னால் போதும், என் வீட்டுக்காரர் திமிரால் சாகவில்லை என்று அரசாங்கமே சொல்லும். எதிர்வீட்டுக்காரி, டீக்கடை, கியர் மாற்றத் தெரியாதவள், அத்தனை பேர் வாயையும் அடைத்துவிடலாம். இதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினேன்!

பக்கத்தில் அத்தை இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தார். மகன் மாதிரியே, சுண்டுவிரலை லேசாகத் தூக்கி. முகத்தில் ஒரு பெருமை. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் தினமும் ஒரு கேள்வி கேட்பார், பாதி வம்புக்கு, பாதி நிஜமாக: “நான் உங்களுக்கு இடைஞ்சலாடா?” என் வீட்டுக்காரரும் தினமும் சலிக்காமல், “இல்லவே இல்லம்மா” என்பார். நான் வாயைத் திறந்தால் அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் கிடைத்துவிடும். அதுவும் மைக்கில்.

“மறந்துட்டேன் சார்” என்றேன். “தப்பா வந்துட்டேன். மறுபடி வரேன்.”

“நானும் தப்பாத்தான் வந்தேனா?” என்று அத்தை ஆரம்பித்தார்.

“ஆமா அத்தை. என்னப் பாத்து நீங்களும் தப்பா வந்துட்டீங்க. வாங்க.”

திரும்பப் போய் வந்தேன். இந்த முறை நீளமாக நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன், கை தலைக்கு மேலே, இன்னும் மேலே. அப்புறம்தான் புரண்டேன், குடைந்து இறங்கினேன், தரைக்கு ரொம்ப மேலேயே நிமிர்ந்து வாளியைத் தாண்டிப் போய் நின்றேன். செயலாளர் தன்னை மறந்து கை தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த முறை என் வீட்டுக்காரர் பத்திரமாக இறங்கியிருப்பார்.

அதிகாரி மூக்கைச் சிந்திக்கொண்டார். “அப்ப திட்டத்துல தப்பே இல்ல. அன்னிக்கு அவராத்தான் உயரத்தக் குறைச்சிருக்கார்.”

“ஆமா சார்.”

“ஏன் அப்படிச் செஞ்சார்னு எதாவது தோணுதா?”

மைக் அண்ணன் மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார். பழக்கதோஷம்.

“திமிர் சார்” என்றேன். கொட்டகை முழுக்க எதிரொலித்தது. “கூட்டத்தப் பாத்தா அவருக்குத் தலைகால் புரியாது.”

மைக் அண்ணனே மைக்கை அணைத்துவிட்டார். அத்தை நீட்டியிருந்த கையை மெதுவாக இறக்கினார்.

வெளியே வரும்போது செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, “இனிமே யாரையும் வீட்டுக்குள்ள நடக்க விடாதீங்க. மைதானத்துல நடக்கச் சொல்லுங்க” என்றேன்.

“ரகசியம் போயிடுமேம்மா.”

“போய்த் தொலையட்டும். சத்தியம் பண்ணுங்க.”

என்ன ஏது என்று தெரியாமலே தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் காரில்தான் வீட்டுக்குப் போனோம். பின் சீட்டில் நானும் அத்தையும். கார் கிளம்பியதுமே அத்தை ஆரம்பித்துவிட்டார்.

“என் புள்ளைக்கா திமிர்? உனக்குத்தான்டி உடம்பெல்லாம் திமிர். கட்டினவன ஊர் முன்னாடி மைக்கு வச்சு ஏசினவ உலகத்துல நீ ஒருத்திதான்டி. நாய்க்கு சிக்னல் போட்டவன்டி அவன்! காரணம் இல்லாம அவன் கீழ வந்திருக்கவே மாட்டான். எதோ ஒரு காரணம் இருக்கு. நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன், பாரு.”

“ஒரு காரணமும் கிடையாது அத்தை” என்றேன். “திமிர்தான்.”

பளார் என்று கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. செயலாளர் பதறிப்போய் பிரேக் போட்டார். என் வீட்டுக்காரர் செத்த நாளிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போது வந்தது, நடுரோட்டில், சத்தம் போட்டு, மூக்கு ஒழுக. அடி பலமாகப் பட்டுவிட்டது போல என்று அத்தை பயந்துபோய் என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.